முள் இறங்கும் வரை

நிற்கும்போது எஞ்சின் சீராக ஓடாத ஐடிலிங் கோளாறு என்று எந்தக் கார் வந்தாலும் அந்த மெக்கானிக் எடுத்த எடுப்பில் எதையும் மாற்றமாட்டார். ஒவ்வொரு சென்சாரின் வயரிலும் மீட்டரை வைத்து, வோல்ட்டை நோட்டில் குறித்துக்கொள்வார். யாரும் சொல்லித்தந்ததில்லை, வயரிங் படங்களைக் கலர் பென்சிலால் வரைந்து வரைந்து தானாகத் தேறியவர். ஐம்பத்தெட்டு வயது. தனிக்கட்டை. பட்டறைக்கு மேலே ஒற்றை அறை.

ஆறு வருஷத்துக்கு முன் தங்கையின் கணவர் இறந்த அன்று, பிரித்துப் போட்டிருந்த எஞ்சினைக் கோத்து முடித்துவிட்டு மறுநாள்தான் போய் நின்றார். அன்றோடு பேச்சு அறுந்தது. அந்தத் தங்கை இன்று காரோடு வந்திருந்தாள்.

"சிக்னல்ல நின்னா ஆஃப் ஆயிடுதுண்ணா. ரெண்டு இடத்துல சென்சார் மாத்திட்டாங்க."

சென்சார்கள் நன்றாகவே இருந்தன. காற்றை அளந்து விடும் த்ராட்டிலில்தான் கரி. துடைத்து மாட்டி, கம்ப்யூட்டரில் பதிந்திருந்த பழைய அளவை அழித்தார். புது அளவை அது தானே கண்டுபிடிக்க, எஞ்சின் பத்து நிமிடம் சும்மா ஓட வேண்டும்.

"உக்காரு. ஏசி, லைட்டு எதையும் தொடாதே. தொட்டா முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும்."

அவரும் பக்கத்தில் ஏறிக்கொண்டார். எஞ்சின் சுற்றைக் காட்டும் முள் எழுநூற்றைம்பதுக்கு இறங்கி நின்றால் வேலை முடிந்தது. ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வா என்று கூப்பிட வேண்டும். கரியைத் துடைக்கும்போதே அதை மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார். நாலு நிமிடம் போய்விட்டது.

"வண்டி முனகினா காது குடுப்பே. மனுஷி பக்கத்துல இருந்தா முள்ளைப் பார்ப்பே."

"இல்லம்மா, அது இறங்கணும்ல..."

"இறங்கும். வியாழக்கிழமை பையன்கிட்டப் போறேன், ஃப்ளைட்டுல. இனிமே அங்கதான். வண்டியை ஒருத்தருக்குக் குடுத்தாச்சு. அவர் கையில போய் நின்னு மானத்தை வாங்கக் கூடாதேன்னுதான் வந்தேன்."

ஞாயிறு வருவதற்குள் அவள் போயிருப்பாள். முள் எண்ணூறைத் தாண்டி இறங்கியது. லைட்டை ஒருமுறை போட்டால் போதும், இன்னொரு பத்து நிமிடம் கிடைக்கும். அவர் கை மடியை விட்டு அசையவில்லை.

எழுநூற்றைம்பதில் முள் ஆணி அடித்தாற்போல் நின்றது.

"ஆச்சா?"

"ஆச்சு." இறங்கி ஜன்னலில் குனிந்தார். "பேட்டரியைக் கழட்டினா மறுபடி இப்படிச் சும்மா ஓட விடணும். தெரியலேன்னா அவரை இங்க வரச் சொல்லு."

"அவர் வெளியூருண்ணா."

"அப்ப எழுதித் தரேன்."

பானெட் மேல் நோட்டை வைத்து, ஒவ்வொரு படியாக, அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதத் தொடங்கினார். அவள் எஞ்சினை அணைக்கவில்லை, அவசரப்படுத்தவும் இல்லை.