உடை மாற்றும் அறையின் பதினான்கு ஜன்னல்கள்

அந்தக் கட்டட வடிவமைப்பு அலுவலகத்தில் அவளுக்கு வேலை, போனை எடுப்பது. பதினோரு வருடமாக வாசலை ஒட்டிய மேசையில் உட்கார்ந்து எடுத்துக்கொண்டிருந்தாள். எல்லோருக்கும் அவள் ‘போன் அக்கா’. கட்டட வேலை நடக்கும் இடங்களிலிருந்து வரும் புலம்பல்கள் முதலில் அவள் காதில்தான் விழும்.

“அக்கா, நான் சுவிட்ச் எங்கன்னு தேடுறேன், பிளான் பூரா சோபாவும் கட்டிலுமா கெடக்கு” என்பார் எலக்ட்ரீசியன். “டைல்ஸ் கோட்டுக்கு நடுவுல என் பைப்பைத் தேடித் தேடிக் கண்ணு பூத்துப்போச்சு” என்பார் பிளம்பர். அவள் எல்லாவற்றையும் ஒரு நோட்டில் குறித்துக்கொண்டு உள்ளே போய்ச் சொல்வாள். உள்ளே யாரும் அதைக் காதில் போட்டுக்கொண்டதில்லை.

கேட்டுக் கேட்டு அவளுக்கே ஆர்வம் வந்துவிட்டது. ஆளில்லாத ஒரு கம்ப்யூட்டர் மூலையில் இருந்தது. மதியம் மற்றவர்கள் சாப்பிடப் போகும்போது, முன்பே கட்டி முடித்த ஒரு வீட்டின் கம்ப்யூட்டர் வரைபட நகலைத் திறந்து வைத்துக்கொண்டு நோண்டுவாள். நாற்காலிகளை மறைப்பாள், கதவுகளைக் காட்டுவாள், மறுபடி எல்லாவற்றையும் வரவழைப்பாள். படம் வரையும் தம்பி ஒருநாள் எட்டிப் பார்த்துவிட்டு, “என்னக்கா, கண்ணாமூச்சியா?” என்று சிரித்தான்.

“எது தெரியணும், எது தெரியக் கூடாதுன்னு நாமதான் சொல்லணும் போல, தம்பி. சொல்லலன்னா அது இஷ்டத்துக்கு இருக்கு” என்றாள் அவள்.

ஒரு வருடம் இப்படிப் போயிற்று. பொது நீச்சல் குளம் ஒன்றின் கட்டட வேலை பாதிக்கு வந்திருந்த சமயம், ஒரு புதன்கிழமை காலையில் போன் அடித்தது. அந்த வேலையின் மேஸ்திரி.

“அக்கா, பொம்பளைங்க உடை மாத்துற ரூமுக்கு வெளிச்சுவர் எழுப்பிட்டு இருக்கோம். பிளான்ல ஒரு ஜன்னல்கூட இல்லையே. அப்படியே மேல வரைக்கும் மூடிடவா?”

“ஜன்னலே இல்லாமலா? ஈரத் துணியோட நிக்கிற ரூம்ங்க அது!”

“நான் என்னக்கா பண்ண, காகிதத்துல இருக்கிறதைத்தானே கட்ட முடியும்?”

படம் வரையும் தம்பி மனைவியின் பிரசவத்துக்காக ஆஸ்பத்திரியில் இருந்தான், போன் அணைந்திருந்தது. ஆர்க்கிடெக்ட் அம்மா விமானத்தில். மேஸ்திரி ஆட்களோ கையில் கொத்துக்கரண்டியோடு நின்றார்கள்.

“அந்த மாதிரி ரூமுக்கு ஜன்னல் வச்சா மேலதான் வைப்பாங்க. ஆறடிக்கு மேல ஒரு கல்லு ஏறக் கூடாது. அரை மணி நேரம் குடுங்க” என்று சொல்லிப் போனை வைத்தாள். சொல்லிவிட்ட பிறகுதான், அப்படிச் சொல்லத் தனக்கு என்ன அதிகாரம் என்று தோன்றியது.

மூலைக் கம்ப்யூட்டரில் நீச்சல் குளக் கட்டடத்தின் முப்பரிமாண மாதிரியைத் திறந்து, கட்டடத்தை வெளியிலிருந்து பார்ப்பதுபோல் திருப்பினாள். ஜன்னல்கள் இருந்தன! ஒன்றல்ல, இரண்டல்ல, பதினான்கு. வெளியிலிருந்து யாரும் எட்டிப் பார்க்க முடியாதபடி ஆறடிக்கு மேலே, கூரையை ஒட்டி வரிசையாக.

பிளான் என்பது கட்டடத்தை நாலடி உயரத்தில் படுக்கை வாட்டில் அறுத்து, மேல்பாதியைத் தூக்கி வைத்துவிட்டு, மேலே நின்று குனிந்து பார்ப்பது. ஆறடிக்கு மேலே இருக்கும் ஜன்னல் தூக்கி வைத்த பாதியோடு போய்விடும். யார் கண்ணிலும் படாமல் போனதற்குக் காரணம் அவ்வளவுதான்.

அறுக்கும் உயரத்தை ஆறே முக்கால் அடியாக்கினாள். பதினான்கும் பளிச்சென்று வந்து உட்கார்ந்தன. கைதட்டப் போனவள் அப்படியே நின்றாள். வாசலில் இருந்த டிக்கெட் கவுன்ட்டரின் சின்ன ஜன்னலைக் காணோம்! அது அஞ்சரை அடியோடு முடிந்துவிடும். புது உயரத்தில் அறுத்தால் அங்கே வெறும் சுவர்தான் மிஞ்சும்.

“இவங்களைக் கூப்பிட்டா அவரு கோவிச்சுக்கிறாரே!” என்று வாய்விட்டே சொன்னாள். பிறகு பிளான் முழுக்கப் பழையபடி நாலடிக்குக் கொண்டுவந்தாள். உடை மாற்றும் அறையின் சுவரைச் சுற்றி மட்டும் ஒரு கட்டம் போட்டு, அந்தக் கட்டத்துக்குள் மட்டும் ஆறே முக்கால் அடியில் அறுக்கும்படி சொல்லிவைத்தாள். இப்போது பதினான்கும் இருந்தன, கவுன்ட்டரும் இருந்தது.

அந்த நேரம் பார்த்துத் தம்பியிடமிருந்து போன். “அக்கா, பொண்ணு பொறந்திருக்கா!”

“எனக்குப் பதினாலு பொறந்திருக்கு, தம்பி!” என்று கத்தினாள். விஷயத்தைச் சொன்னதும், “ஐயோ, அது நான் விட்டதுதான்க்கா” என்றான். “போடா, போய்க் குழந்தையைத் தூக்கு” என்றாள்.

படத்தை மேஸ்திரிக்கு அனுப்பினாள். விமானத்திலிருந்து இறங்கிய ஆர்க்கிடெக்ட் அம்மா அதைப் பார்த்துவிட்டு, “சரியாத்தான் இருக்கு. யாரு பண்ணினது?” என்று கேட்டார். “நான்தாங்கம்மா” என்று சொல்லும்போது அவள் குரல் இறங்கித்தான் இருந்தது. “நாளையிலேர்ந்து போனுக்கு வேற ஆள் பார்க்கணும் போலிருக்கே!” என்று சொல்லி அவர் சிரித்தார்.

அடுத்த மாதமே அவளுக்கு உள்ளே இடம் போட்டார்கள். முதல் வேலையாகத் தன் பழைய நோட்டைப் பிரித்து வைத்துக்கொண்டாள். எலக்ட்ரீசியனுக்குச் சோபா, கட்டில் எதுவும் இல்லாமல் சுவரும் சுவிட்சும் விளக்கும் மட்டும் தெரியும் பிளான். பிளம்பருக்கு டைல்ஸ் கோடுகளை மறைத்து, குழாய் மட்டும் கறுப்பாக, மற்றவை மங்கலாக. ஒருமுறை சரிசெய்ததை அச்சுப்போல வைத்துக்கொண்டால் அடுத்த கட்டடத்துக்கும் அப்படியே போட்டுக்கொள்ளலாம் என்பதையும் கண்டுபிடித்தாள். “அக்கா, கண்ணுல ஒத்திக்கலாம்போல இருக்கு” என்றார் பிளம்பர். மேஸ்திரிகள் வட்டத்தில் அவள் பெயரே ‘ஜன்னல் அக்கா’ என்று மாறிப்போனது.

பஸ் டிரைவரான அவள் கணவருக்கு இது ஒன்றும் பிடிபடவில்லை. “மறைக்கிறதுக்கும் காட்டுறதுக்குமா உன்னை உள்ள உக்கார வச்சிருக்காங்க?” என்று கேட்டுக்கொண்டே இருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை, தாங்கள் வாடகைக்கு இருக்கும் வீட்டையே சாமான்கள் உட்பட வரைந்து, அவரையும் கல்லூரியில் படிக்கும் மகளையும் திரைக்கு முன்னால் உட்கார வைத்தாள்.

“இது நாலடியில. கட்டில், மேசை, அடுப்பு எல்லாம் தெரியுதா? இப்போ ஏழடியில அறுத்து, ஆறடிக்குக் கீழ இருக்கிற எல்லாத்தையும் மறைக்கிறேன், பாருங்க.”

வீடு காலியானது. நாலு சுவர்களுக்கு நடுவே, அலமாரியின் உச்சியில் இருந்த இரண்டு பெட்டிகளும் நீளமாக ஒரு கறுப்புப் பையும் மட்டும் தெரிந்தன. கணவர் குனிந்து பார்த்தார்.

“அது... என்ன பை?”

“மூணு வருஷத்துக்கு முன்னாடி எனக்குத் தெரியாம வாங்கி, எனக்குத் தெரியாம மேல ஏத்தி வச்ச கிட்டாருங்க அது.”

மகள் சிரித்த சிரிப்பில் நாற்காலி பின்னால் சாய்ந்தது. அவர் காது சிவந்துபோய், “உனக்கு எப்பத் தெரியும்?” என்றார்.

“ஏத்தின அன்னிக்கே. எப்ப எறங்கும்னு பார்த்துக்கிட்டு இருந்தேன்.”

அவர் எழுந்துபோய் ஸ்டூலைப் போட்டு ஏறினார். தூசி தட்டி, பையைப் பிரித்து, மடியில் வைத்து ஒரு கம்பியைச் சுண்டினார். அது எழுப்பிய சத்தத்தில் மகள் இரண்டு காதுகளையும் பொத்திக்கொண்டாள்.

“இன்னொண்ணு வாசிங்க” என்றாள் ஜன்னல் அக்கா.