கைப்பிடி வண்டியும் சுவிட்சு வண்டியும்

கொல்லிமலையில் திண்ணனூர் நாட்டுப் பக்கம் ஒரு பலாத்தோப்பின் ஓரத்தில் இரண்டு கேம்பர் வண்டிகள் நிற்கின்றன. சுற்றுலா வருகிறவர்கள் தங்குவதற்காக ஜீப்பில் கட்டி மலையேற்றிய சக்கர வீடுகள் அவை. அவற்றைத் திறந்து, விரித்து, துடைத்து, ஆட்கள் போனதும் மறுபடி மடக்கி வைப்பது பொன்னாயியின் வேலை. ஐம்பத்திரண்டு வயதில் அவளுக்குக் கிடைத்த முதல் மாதச் சம்பள வேலையும் அதுதான்.

சும்மா நிற்கும்போது அந்த வண்டிக்குள் நாலு பேர் திரும்ப முடியாது. பக்கச் சுவரில் பெட்டி போன்ற ஒரு பகுதி, மேசை இழுப்பறை மாதிரி வெளியே நீண்டு வந்தால்தான் கட்டில் போட இடம் கிடைக்கும். வாசலுக்கு மேலே சுருட்டி வைத்த துணிப்பந்தல் ஒன்றும் உண்டு. வெள்ளை வண்டியில் இந்த இரண்டையும் இரும்புக் கைப்பிடி மாட்டிச் சுற்றிச் சுற்றித்தான் நீட்ட வேண்டும். சாம்பல் வண்டியில் சுவிட்சை அமுக்கினால் போதும், மோட்டார் பார்த்துக்கொள்ளும்.

வண்டிகளுக்குச் சொந்தக்காரர் அருள்பிரகாஷ். அடிவாரத்தில் கரும்பும் மரவள்ளியும் போடுகிற குடும்பம். வாரம் ஒருமுறை மேலே வருவார், பொன்னாயியை அக்கா என்றுதான் கூப்பிடுவார். வண்டியைப் பற்றி எதுவானாலும் அவளைக் கேட்டுத்தான் செய்வார். அதில் குறை சொல்ல முடியாது. ஈரப் பந்தலை அப்படியே சுருட்டினால் பூசணம் பிடிக்கும் என்பதையும், மழைக்காலத்தில் பந்தலின் ஒரு காலைத் தாழ்த்தி வைத்தால் தண்ணீர் தேங்காது என்பதையும் விற்றவன் சொல்லவில்லை, பொன்னாயிதான் கண்டுபிடித்தாள்.

போன ஆடியில் அவளுடைய வலது தோள் பிடித்துக்கொண்டது. கையைத் தோளுக்கு மேல் தூக்க முடியவில்லை. தலைவாரக்கூட இடது கைதான். அந்தத் தோளோடு வெள்ளை வண்டியின் கைப்பிடியைச் சுற்றுவது என்ன பாடு என்று சுற்றிப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். பாதிச் சுற்றில் கண்ணில் தண்ணீர் வந்துவிடும். சாம்பல் வண்டிக்கு ஆள் வந்தால் அன்றைக்கு அவளுக்குப் பண்டிகை. ஆனால் புருஷன் மாதேஸ்வரனைத் தவிர யாரிடமும் அவள் தோளைப் பற்றி மூச்சு விடவில்லை.

காரணம் இருந்தது. ஒருநாள் அருள்பிரகாஷ் பலாமரத்தடியில் நின்று யாரிடமோ போனில் பேசிக்கொண்டிருந்தார். வெள்ளை வண்டியைத் தள்ளிவிட்டு அதையும் சுவிட்சு வண்டியாக வாங்கிவிட்டால் வருகிறவர்களே அமுக்கிக்கொள்வார்கள், தனியாக ஓர் ஆள் போட வேண்டியதில்லை, கூட்டித் துடைக்க வாரத்துக்கு ஒருமுறை யாராவது வந்தால் போதும் என்றார். போர்வை உதறிக்கொண்டிருந்த பொன்னாயி ஒரு வார்த்தை விடாமல் கேட்டாள்.

அடுத்த வாரம் அவர் வந்து, எந்த மாதிரி நல்லது என்று அவளையே கேட்டார். பொன்னாயி கண்ணை மூடிக்கொண்டு கைப்பிடிக்கு வக்காலத்து வாங்கினாள். இந்த மலைப் பனிக்கு மோட்டார் தாங்காது, கரண்டு போனால் பெட்டி பாதியில் நின்றுவிடும், கைப்பிடி என்றால் எங்கே இடிக்கிறது என்று கைக்கே தெரியும் என்றெல்லாம் அடுக்கினாள். சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. தோளைச் சொல்லாமல் விட்டதுதான் பொய். அருள்பிரகாஷ் தலையாட்டிவிட்டு, வெள்ளை வண்டி இருக்கட்டும் என்று போய்விட்டார். பிழைத்தேன் என்று அவள் சந்தோஷப்பட்டாள். வெள்ளை வண்டி இருந்தால் கைப்பிடியும் இருக்கும் என்பது ராத்திரி தைலம் தேய்க்கும்போதுதான் உறைத்தது.

தை பிறந்தது. மிளகு பறிக்கிற காலம். மலையில் யார் வீட்டுக்குப் போனாலும் மிளகு காய்கிற இடம் பார்த்துத்தான் கால் வைக்க வேண்டும். பாறை, சிமெண்டுக் களம், மொட்டை மாடி, எங்கே தட்டையாகச் சூடு ஏறுகிறதோ அங்கே மிளகு இருக்கும். பொன்னாயியின் கண்ணுக்குச் சாம்பல் வண்டியின் நீட்டிய பெட்டி அகப்பட்டது. அதன் மேற்கூரை நல்ல தகடு, பத்து மணிக்கே சுடும், ஆடும் கோழியும் ஏறாது. ஒரு கல்லின் மேல் ஏறி நின்றால் குனியாமல் இடது கையாலேயே கிளறிவிடலாம். சாக்கை விரித்து மிளகைக் காயப்போட்டாள். சாயங்காலம் அள்ளிவிடுவாள். நாலைந்து நாள் ஒரு குறையும் இல்லை.

ஒருநாள் ஈரோட்டிலிருந்து சின்னக் குழந்தையோடு ஒரு தம்பதி வந்து தங்கினார்கள். மறுநாள் மத்தியானம்தான் கிளம்புவதாகச் சொல்லியிருந்தார்கள். அந்தத் தைரியத்தில் பொன்னாயி காலையில் மிளகைப் பரப்பிவிட்டுச் சோளக்காட்டுச் சந்தைக்குப் போனாள். குழந்தைக்குக் காய்ச்சல் வந்துவிட, அவர்கள் ஒன்பது மணிக்கே கிளம்பினார்கள். நல்ல பிள்ளைகள், திறந்தது திறந்தபடி விட்டுப் போக மனசில்லாமல் சுவிட்சை அமுக்கினார்கள். பெட்டி சாக்கையும் மிளகையும் சேர்த்து உள்ளே இழுத்தது. சாக்கு சுருண்டு இடுக்கில் மாட்டியது, மிளகு பல்சக்கரம் வரைக்கும் கொட்டியது, மோட்டார் உறுமிப் புகைந்து நின்றது. அவர்கள் பதறிப்போய் அருள்பிரகாஷுக்குப் போன் செய்துவிட்டு, குழந்தையைத் தூக்கிக்கொண்டு மலையிறங்கிவிட்டார்கள்.

பொன்னாயி திரும்பி வந்தபோது அருள்பிரகாஷ் வந்துவிட்டிருந்தார். பெட்டி பாதியில் நின்றது. அவர் இன்னும் கல்மேல் ஏறிப் பார்க்கவில்லை, கருகிய வாடைதான் அவருக்குத் தெரிந்தது.

"நீங்க அன்னைக்கே சொன்னீங்க அக்கா," என்றார். "மோட்டாரை நம்புனது என் தப்பு. இதைத் தள்ளிட்டு இன்னொரு கைப்பிடி வண்டியே எடுத்துக்கலாம்."

பொன்னாயி வாயைத் திறக்காமல் இருந்தால் வேலைக்கு ஆபத்தில்லை, பழி மோட்டாரோடு போய்விடும். அவர் மேலே பார்ப்பதற்குள் மிளகை அள்ளிவிடலாம். அப்படித்தான் நினைத்தாள், அவளை உத்தமி ஆக்க நான் இதை எழுதவில்லை. ஆனால் அருள்பிரகாஷ் அதோடு விடவில்லை. குழந்தைக்குக் காய்ச்சல் என்று அவசரத்தில் கிளம்பிய அந்த ஈரோட்டுக்காரர்கள்தான் எதையோ தாறுமாறாக அமுக்கியிருப்பார்கள், நாலு வார்த்தை கேட்கிறேன் என்று போனை எடுத்தார். காய்ச்சல் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு அந்தப் பெண் இந்நேரம் ஏதாவது ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்திருப்பாள். அது பொன்னாயிக்குப் பொறுக்கவில்லை.

"போனை வையுங்க தம்பி. அவங்க மேல ஒண்ணும் இல்லீங்க. நான்தான் மேல மிளகு காயப்போட்டேன்."

அருள்பிரகாஷ் கல்மேல் ஏறிப் பார்த்தார். முகம் சிவந்துவிட்டது. திட்டவில்லை, அதுதான் அவளுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. வானம் கறுத்துக்கொண்டு வந்தது. மோட்டார் கெட்டால் கையால் சுற்றுவதற்கென்று சாம்பல் வண்டியிலும் ஒரு துளை உண்டு. சாக்கை உருவி எடுத்துவிட்டு, மழை வருவதற்குள் பெட்டியை உள்ளே தள்ளிவிடலாம், சுற்றுங்கள் என்றார். துளை உயரத்தில் இருந்தது. பொன்னாயி இடது கையால் கைப்பிடியை மாட்டினாள். வலது கையைத் தூக்கினாள். பாதியில் அது நின்றுவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி தூக்கினாள், முடியவில்லை. அப்படியே வண்டியில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டு அழுதாள்.

அவர் அருகே வந்து கைப்பிடியை வாங்கிக்கொண்டார். எப்போதிருந்து என்று கேட்டார். ஆடியிலிருந்து என்றாள். அவர் சுற்ற ஆரம்பித்தார். ஒவ்வொரு சுற்றுக்கும் உள்ளே மிளகு நொறுங்கியது. பெட்டி உள்ளே போய்ச் சேர்வதற்குள் அவருக்கே மூச்சு வாங்கியது.

"இந்தத் தோளை வெச்சுக்கிட்டா கைப்பிடிதான் நல்லதுன்னு சொன்னீங்க?"

"நீங்க போன்ல பேசுனதைக் கேட்டேனுங்க. எல்லாம் சுவிச்சாப் போயிருச்சுன்னா நான் எதுக்குங்க தம்பி?"

அருள்பிரகாஷ் அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் திரும்பிக்கொண்டார். தூறல் விழ ஆரம்பித்தது. கைப்பிடியைக் கழற்றித் துணியால் துடைத்தார், துடைத்ததையே மறுபடி துடைத்தார்.

"இன்னைக்கு சுவிச்சை அமுக்கினது அவங்க," என்றார் கடைசியில். "நீங்க இருந்திருந்தா அமுக்கறதுக்கு முந்தி மேல ஏறிப் பாத்திருப்பீங்க. அதுக்குத்தான் அக்கா நீங்க வேணும். இந்த மோட்டாரைச் சரி பண்ணிட்டு, வெள்ளையையும் சுவிச்சு வண்டியா மாத்திடலாம். ரெண்டு வண்டி சுவிச்சையும் உங்களைத் தவிர ஒருத்தரும் தொடக்கூடாது. நாளைக்கு ஜீப் அனுப்பறேன், தோளை டாக்டர்கிட்ட காட்டிட்டு வாங்க."

பொன்னாயி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"மிளகை மட்டும் இனிமே உங்க ஊட்டுப் பாறையில காயப்போடுங்க," என்றார் அவர்.

"போடறேனுங்க," என்றாள் பொன்னாயி.