பொட்டு வைத்த பிராந்தி பாட்டில்

“வூட்ல ஒரு பார் வெக்கணும்னா இன்னா இன்னா வேணுங்க?”

இரண்டு வாரம் முந்தி ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் என்னிடம் இப்படிக் கேட்டவர் யார் தெரியுமா? என் நண்பர் முனிரத்தினம். அம்மையார்குப்பத்துத் தறிக்காரர்களுக்கு நூல் விற்பவர். சோடா குடித்தாலே நெஞ்சைக் கரிக்கிறது என்பவர். அப்போதுதான் மலைக்கோயிலிலிருந்து இறங்கி வந்திருந்தார். நெற்றிச் சந்தனம் இன்னும் காயவில்லை!

விஷயம் இதுதான். அவருடைய அக்கா ராஜம்மாவின் கணவர் பட்டாளத்தில், பர்மாப் பக்கம், நாலு வருஷம் இருந்துவிட்டு, யுத்தம் முடிந்து வந்திருக்கிறார். முனிரத்தினம் அவரைப் ‘பாவா’ என்பார்; நானும் அப்படியே சொல்கிறேன். அத்தனை நாளும் தம்பி வீட்டில் காத்திருந்தவர் ராஜம்மா. வந்த மனிதரோ தினமும் சாயங்கால ரயிலில் அரக்கோணம் போய்விடுகிறார். ஸ்டேஷன் ரிஃப்ரெஷ்மெண்ட் ரூமில் பிராந்தி. கடைசி வண்டியில் திரும்பி வந்தால் நேரே படுக்கை.

“மறுபடியும் பட்டாளத்துலயே சேந்துடலாம்னு பாக்கறேன்னு சொல்லிட்டாருங்க. அக்கா சாப்டறதே இல்ல. ‘குடிச்சா வூட்லயே குடிக்கட்டும்டா, கண்ணு முன்னாடி இருந்தா போதும்’னு அழுதுகினு இருக்குது.”

மதுவிலக்கை யுத்தத்தின்போது தள்ளி வைத்தார்களே, அதனால் சட்டம் குறுக்கே வராது. ஆனால் பார் வைப்பது எப்படி? இருவருக்கும் தெரியாது. தெரியாத விஷயம் என்றால் எனக்குக் கை கால் சும்மா இருக்காது. அன்றே அரக்கோணம் கிளம்பினோம்... பாவா போகும் வண்டிக்கு முந்தின வண்டியில்!

அந்த ரூமின் பட்லர் சின்னப்பன் நல்ல மனுஷர். இவ்வளவு பெரிய கிளாசில் ஏன் இத்தனூண்டு ஊற்றுகிறீர்கள்? ஐஸ் முதலிலா, சோடா முதலிலா? எல்லாவற்றுக்கும் பொறுமையாகப் பதில் சொன்னார்.

“பாட்டில், சோடா, ஐஸ், வறுத்த கடலை. கிளாஸ் ரெண்டு. நாற்காலி ரெண்டு.”

“குடிக்கிறவர் ஒருத்தர்தானே?”

“ரெண்டு நாற்காலி போடுங்க சார்,” என்று மறுபடியும் சொல்லிவிட்டு அடுத்த மேஜைக்குப் போய்விட்டார்.

முனிரத்தினம் போட்டது ஒன்றுதான். “பாவா எதிர்ல நாம உக்கார முடியுங்களா? மரியாதையா இருக்காது.” எனக்கும் அது நியாயமாகவே பட்டது.

மறுநாள் சாயங்காலம் முனிரத்தினம் வீட்டுக் கூடத்தில் பார் தயார். மேஜை, வெள்ளைத் துணி, கோலி சோடா. மரத்தூளும் கோணியுமாகச் சுற்றி வந்த ஐஸ் பாதி ரயிலிலேயே கரைந்துபோனது. ராஜம்மா தன் பங்குக்கு ஒன்று செய்திருந்தார். தையல் மிஷினோ சைக்கிளோ, புதுச் சாமான் எது வந்தாலும் சந்தனம் குங்குமம் வைத்துக் கற்பூரம் காட்டுகிற வீடு அது. கைப்பழக்கம் விடுமா? பிராந்தி பாட்டிலின் நெற்றியிலும் பொட்டு!

ஸ்டேஷனுக்குக் கிளம்பிய பாவாவைப் பிடித்து உட்கார வைத்தோம். பாட்டிலைப் பார்த்தார். ஒரு பக்கம் முனிரத்தினம் கை கட்டி நின்றார். மறுபக்கம் நான். கதவுக்குப் பின்னால் ராஜம்மா. பாவா எழுந்து போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டார்.

என்னால் கேட்காமல் இருக்க முடியவில்லை. “ஏன் சார், பிராந்தி சரியில்லையா?”

“பிராந்திக்கு இன்னாங்க கொறைச்சல்? பொட்டு வெச்சு, கற்பூரம் காட்டி, சுத்தி நின்னுகினு இருக்கீங்க... நான் இன்னா சாமியா? அங்க எவனோ ஒருத்தன் எதிர்ல உக்காந்துகினு, ‘அப்புறம் இன்னாச்சு’ன்னு கேப்பான். இங்க வந்து ரெண்டு மாசம் ஆச்சு. ‘சாப்டீங்களா’ன்னு கேக்கறீங்க. வேற ஒரு வார்த்தை உண்டா?”

ஊரில் எல்லோரையும் கேள்வி கேட்டுக் குடைகிறவன் நான். இவரிடம் ஒன்றுகூடக் கேட்டதில்லை. வெட்கமாகிவிட்டது.

தூரத்தில் ரயில் ஊதியது. பாவா வாசற்படியில் கால் வைத்துவிட்டார்.

அப்போது உள்ளேயிருந்து ராஜம்மா வந்தார். கையில் இன்னொரு நாற்காலி. அதை மேஜைக்கு எதிரே போட்டார். தம்பி பார்க்க, நான் பார்க்க, உட்கார்ந்தே விட்டார்!

“பர்மாவுல மழை எப்டிங்க பெய்யும்?”

பாவா திரும்பினார். செருப்பைக் கழற்றினார்.

“மழையா... அத்த ஏன் கேக்கற...”

எனக்குக் கேட்க எவ்வளவு ஆசை தெரியுமா? முனிரத்தினம் என் சட்டையைப் பிடித்துத் தெருவுக்கு இழுத்து வந்துவிட்டார். ரயில் பாவா இல்லாமலே அரக்கோணம் போயிற்று.

அன்றிலிருந்து அவரும் போகவில்லை, பட்டாளப் பேச்சும் இல்லை. தினமும் சாயங்காலம் அந்த இரண்டு நாற்காலியும் நிரம்பிவிடுகின்றன. பாட்டிலை மட்டும் இன்னும் யாரும் திறக்கவில்லை.

நேற்று வெள்ளிக்கிழமை... ராஜம்மா அதற்குப் புதுப் பொட்டு வைத்திருக்கிறார்!