இரண்டாவது வாளி

காரைக்கால்மேட்டில் சுனாமிக்குப் பிறகு கட்டிக் கொடுத்த வீடுகளில் கடைசி வரிசையில் இருக்கிறாள் காசியம்மா. வயது ஐம்பத்து நான்கு. கருவாடு போட்டு விற்பது தொழில். மீன் ஏலத்தில் அவள் ஒரு கூடைக்கு விலை சொல்லிவிட்டால் பக்கத்தில் நிற்பவர்கள் மேலே கேட்க யோசிப்பார்கள். கேட்டால் அன்றைக்கு முழுக்க அவள் வாயில் விழுந்து எழுந்திருக்க வேண்டும். திருவேட்டக்குடியிலிருந்து வாக்கப்பட்டு வந்த நாளிலேயே மாமியாரிடம், “எனக்கு மனசுல வச்சுக்கத் தெரியாதுங்க, அப்பவே சொல்லிடுவேன்” என்று சொன்னவள். சொன்னதில் பாதிதான் உண்மை. அப்போதே சொல்லவும் சொல்வாள், மனதிலும் வைத்துக்கொள்வாள்.

அவள் கணவன் பூமிநாதன் விசைப்படகில் கடலுக்குப் போகிறவர். கரையில் இருக்கும் நாட்களில் அவர் குரலை யாரும் கேட்டதில்லை.

காசியம்மாவுக்கு ஆகாதவர்கள் ஊரில் நிறையப் பேர். அவர்களில் முதல் ஆள் எதிர்வீட்டு மணிபாரதி. பூமிநாதனுடைய தம்பி மகன். பெரியம்மா என்று கூப்பிட வேண்டியவன். வீட்டு வாசல்படியைச் சந்துக்குள் ஓரடி இழுத்துக் கட்டினான். அன்றைக்கு நடந்த வாய்த் தகராறில் அவன் அவளை ‘ஏய்’ என்றான். அதற்குப் பிறகு ஏழு வருடமாக இரண்டு பேருக்கும் பேச்சு கிடையாது.

மணிபாரதி துறைமுகத்தில் மீன் வாங்கிக் கேரளாவுக்கு லாரி ஏற்றுகிற வியாபாரி. இரண்டு வருடத்துக்கு முன் பெங்களூரிலிருந்து ஒரு பெரிய டீசல் காரைப் பழையதாக வாங்கி வந்தான். சந்துக்குள் அது நுழைந்தால் இரண்டு பக்கமும் ஆள் ஒருக்களித்துத்தான் போக முடியும். வீட்டிலிருந்து துறைமுகம், துறைமுகத்திலிருந்து கடைத்தெரு, திரும்பவும் வீடு. அந்த வண்டி அதற்கு மேல் போனதில்லை. நடந்தே போய்விடுகிற தூரத்துக்குக்கூட அவனுக்குக் கார் வேண்டும்.

சென்ற மாசியில் ஒருநாள் காலை காசியம்மா வாசலில் நீல வலையை விரித்து நெத்திலியைக் காயப் போட்டுக்கொண்டிருந்தாள். மணிபாரதி வெளியே வந்து காரை ஸ்டார்ட் செய்தான். உள்ளே உட்கார்ந்து செல்போனில் எதையோ அழுத்திவிட்டு இறங்கி வந்து படியில் நின்றான். வண்டி கிளம்பவில்லை. ஆக்ஸிலேட்டரை யாரும் மிதிக்காமலே என்ஜின் தானாக இரைய ஆரம்பித்தது. அரை மணி நேரம் இரைந்தது. பின்குழாயிலிருந்து அனல் வந்தது. இரும்பும் ரப்பரும் சேர்ந்து கருகுகிற மாதிரி ஒரு நெடி சந்து முழுக்க நின்றது. குழாய் பார்த்துக்கொண்டிருந்தது அவள் நெத்திலியை.

நான்கு நாள் கழித்து மறுபடியும். அந்த வாரச் சந்தையில் வழக்கமாக வாங்கும் சௌந்தரவல்லி ஒரு பிடி நெத்திலியை எடுத்து முகர்ந்துவிட்டுத் திரும்பக் கொட்டினாள்.

“என்னக்கா, டீசல் வாடை அடிக்குது.”

முப்பது வருடத்தில் காசியம்மாவின் கருவாட்டை ஒருத்தர் முகர்ந்துவிட்டுத் திரும்பக் கொட்டியது அதுதான் முதல்முறை.

வீட்டுக்கு வந்ததும் நேரே எதிர்வீட்டு வாசலில் போய் நின்றாள். “உன் வண்டிய எடுத்துக்கிட்டுப் போய் வேற எங்கயாவது கொளுத்துடா.”

மணிபாரதி அவளைப் பார்க்கவில்லை. பக்கத்தில் நின்ற தன் மனைவி எழில்மதியிடம் சொன்னான். “புகைய வடிகட்டுற பில்ட்டர் அடைச்சுக்கிச்சு. உள்ள இருக்கிற கரிய எரிச்சாத்தான் வண்டி இழுக்கும். மெக்கானிக் சொன்னதத்தான் செய்யறேன். சந்து அவங்க அப்பன் வீட்டுச் சொத்தான்னு கேளு.”

எழில்மதி யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. உள்ளே போய்விட்டாள்.

அந்த மெக்கானிக் யார் என்று விசாரித்ததில் தலத்தெருவில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் மாறன் என்று தெரிந்தது. மறுநாள் காசியம்மா அங்கே போனாள். மாறன் ஒரு வேனுக்கு அடியில் படுத்திருந்தார். அவர் வெளியே வரும்வரை நின்றுகொண்டே இருந்தாள்.

“வீட்டு வாசல்ல வச்சு எரிக்கச் சொன்னது நீங்களா?”

மாறன் கையைத் துடைத்துக்கொண்டார். “நான் எதுக்கும்மா அப்படிச் சொல்றேன்? பக்கத்துலயே ஓட்டிக்கிட்டிருந்தா குழாய் சூடாகாது, கரி தேங்கிடும். நாகப்பட்டினம் தாண்டி ஒரு அரை மணி நேரம் நிக்காம விரட்டி ஓட்டுங்க, தானா எரிஞ்சிடும்னேன். அவருக்கு அதுக்கு நேரமில்லையாம். ஆன்லைன்ல ஏதோ ஒரு கருவிய வாங்கி வண்டியில மாட்டிக்கிட்டு, செல்போன்ல அழுத்தி நின்ன இடத்துலயே எரிக்கிறாரு. அதுவும் நாலு நாளைக்கு ஒருதரம். அப்படிச் செஞ்சா என்ஜின் ஆயில்ல டீசல் எறங்கும். என்ஜினே போயிடும்.”

“என் வீட்டு வாசல்ல கருவாடு காயுதுங்க.”

“வலையிலயா? அத மொதல்ல எடுங்கம்மா. அப்ப வர்ற சூட்டுல காஞ்ச சருகு பத்திக்கும்.”

அவள் வலையை எடுக்கவில்லை. எடுத்தால் அவன் ஜெயித்துவிட்டான் என்று ஆகிவிடும். மாறன் சொன்னதை மட்டும் அன்று சாயங்காலம் சந்தே கேட்கும்படி சத்தமாகச் சொன்னாள். மணிபாரதி ஜன்னலைச் சாத்திக்கொண்டான்.

பூமிநாதன் சாப்பிடும்போது மெதுவாகச் சொன்னார். “நாம கொஞ்ச நாளைக்கு மாடியில காயப் போடுவோமே.”

“நீங்க அவன் வீட்டுலயே போய்ச் சாப்பிடுங்க” என்றாள் காசியம்மா.

பங்குனி முதல் வாரத்தில் அது நடந்தது. காற்று அடித்ததில் அவள் வலையின் ஓரம் மடங்கிக் காரின் பின்குழாய்க்கு நேர் கீழே போயிருந்தது. மணிபாரதி பார்த்தானா இல்லையா என்பது அவனுக்குத்தான் தெரியும். வழக்கம்போல வண்டியை இரைய விட்டுவிட்டு உள்ளே போய்விட்டான். காசியம்மா கொல்லையில் மீனைக் கீறி உப்புத்தண்ணீர்த் தொட்டியில் போட்டுக்கொண்டிருந்தாள். நைலான் கருகும் நாற்றம் வந்ததும் எழுந்து ஓடினாள். வலை உருகிச் சொட்டிக்கொண்டிருந்தது. அதன் மேல் கிடந்த வாளைக் கருவாட்டில் தீ பிடித்துவிட்டது. அவள் வீட்டு வாசலை மறைத்த மூங்கில் தட்டிக்கு ஒரு முழம்தான் பாக்கி.

ஒரு வாளி உப்புத்தண்ணீரை அள்ளி வந்து வீசினாள். தீ அணைந்துவிட்டது. புகை மட்டும் வந்தது.

அவள் திரும்பிப் போய் இன்னொரு வாளி அள்ளி வந்தாள். கார் இன்னும் இரைந்துகொண்டிருந்தது. குனிந்து, முன்பக்கம் என்ஜினுக்குக் கீழே எங்கே அனல் அதிகமாக அடிக்கிறது என்று பார்த்து, அங்கேயே அடித்து ஊற்றினாள். உஸ்ஸென்று ஆவி எழும்பியது. இரைச்சல் தடுமாறி நின்றது. மணிபாரதி கதவைத் திறந்துகொண்டு வந்தபோது அவள் காலி வாளியோடு அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவன் ஓங்கிய கையை எழில்மதி பிடித்துக்கொண்டாள்.

வண்டியைக் கட்டி இழுத்துத் தலத்தெருவுக்குக் கொண்டுபோனார்கள். சூட்டைப் பார்க்கும் சென்சார் உப்புத்தண்ணீரில் போய்விட்டது. பில்ட்டர் அதற்கு முன்பே மூச்சுத் திணறிக்கொண்டுதான் இருந்தது, கழற்றித்தான் சுத்தம் செய்ய வேண்டும் என்றார் மாறன்.

ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலில் ஊர்ப் பஞ்சாயத்து கூடியது. பஞ்சாயத்தாரில் மூத்தவரான அறிவுச்செல்வன் முதலில் மணிபாரதியைக் கேட்டார். சந்துக்குள் வைத்து எரித்தது தப்புதான் என்று அவன் தலையைக் குனிந்தபடி ஒப்புக்கொண்டான். பிறகு அவர் காசியம்மாவிடம் திரும்பினார்.

“தீய அணைக்கத்தானே தண்ணி ஊத்துனே? தெரியாம வண்டி மேலயும் பட்டுடுச்சு. அப்படித்தானே?”

அவளுக்கு வழி விட்டுத்தான் கேட்டார் அவர். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். பூமிநாதன் கூட்டத்தின் ஓரத்திலிருந்து அவளைக் கெஞ்சுவது போலப் பார்த்தார்.

“மொத வாளி தீக்கு ஊத்துனேங்க” என்றாள் காசியம்மா. “ரெண்டாவது வாளி வண்டிக்கு.”

“தெரிஞ்சேவா?”

“தெரிஞ்சேதான். எங்க சுடுதுன்னு பாத்துத்தான் ஊத்துனேன்.”

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். அறிவுச்செல்வனுக்குச் சிரிப்பு வரவில்லை. கார் இனிமேல் சந்துக்குள் வரக்கூடாது, துறைமுகத்துப் பக்கம்தான் நிற்க வேண்டும். எரிந்துபோன வலைக்கும் கருவாட்டுக்கும் மணிபாரதி பொறுப்பு. சென்சாருக்குக் காசியம்மா பொறுப்பு. அதோடு இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போக வேண்டும் என்றார். மணிபாரதி, “மன்னிச்சுக்கங்க பெரியம்மா” என்று தரையைப் பார்த்துச் சொன்னான். ஏழு வருடத்துக்குப் பிறகு வந்த அந்த ‘பெரியம்மா’ அவளுக்குச் செருப்பில் ஏறிய முள் மாதிரி இருந்தது. சென்சாருக்கு உண்டான பணத்தை எண்ணி வைத்தாள். வார்த்தை மட்டும் கொடுக்கவில்லை. யார் சொல்லியும் கொடுக்கவில்லை. கடைசியில் கூட்டம் அவளை விட்டுவிட்டுக் கலைந்தது.

மாறன் பில்ட்டரைக் கழற்றி ஊறவைத்துக் கழுவி, காயவைத்து மாட்டிக் கொடுத்தார். கொடுக்கும்போது கருவியைப் பிடுங்கி வைத்துக்கொண்டு, வாரம் ஒருதரம் தூரமாக ஓட்டாவிட்டால் இனி என்னிடம் வராதீர்கள் என்று சொல்லி அனுப்பினாராம். இப்போது மணிபாரதி ஞாயிறுதோறும் வேதாரண்யம் ரோட்டில் காரை விரட்டிவிட்டு வருகிறான்.

சந்து காலியாக இருக்கிறது. கருவாட்டில் வாடை இல்லை. சௌந்தரவல்லி மறுபடியும் வாங்குகிறாள். ஆனால் காசியம்மா அவளுக்கு மட்டும் ஒரு பிடி குறைத்தே போடுகிறாள்.

வைகாசியில் ஒரு ஞாயிறு பூமிநாதன் பொழுது சாய்ந்த பிறகு வீட்டுக்கு வந்தார். மீன்பிடித் தடைக்காலம், கடலுக்குப் போகிற வேலை இல்லை. போட்டிருந்தது நல்ல சட்டை. தலை காற்றில் கலைந்திருந்தது.

“எங்க போயிட்டு வர்றீங்க?”

“கோடியக்கரை வரைக்கும்” என்றார். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிக்கொண்டே, “தனியா ஓட்டிட்டுப் போறான். கூப்பிட்டான். சும்மா முன்னாடி உக்காந்துதான் போனேன். வண்டி நல்லா இழுக்குது” என்றார்.

அவர் அவ்வளவு நீளமாகப் பேசி அவள் கேட்டதே இல்லை. காசியம்மா அவருக்குச் சோற்றைப் போட்டு ரசத்தை ஊற்றினாள். அடுப்பில் சட்டி நிறைய மீன் குழம்பு இருந்தது. அதைத் தூக்கி உள்ளறையில் வைத்துக் கதவைச் சாத்தினாள்.