அருளா, நெஞ்சுவலியா

ஆடிக்கிருத்திகை அன்று திருத்தணி மலைப்படிக்குக் கீழே போட்டிருந்த மருத்துவ முகாமில் கொஞ்ச நேரம் நான் ஒருத்திதான் டாக்டர். டாக்டர் என்பதுகூட மரியாதைக்குச் சொல்வது. கிராமத்துப் பயிற்சிக்காகப் பள்ளிப்பட்டுப் பக்கம் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வந்திருந்த பயிற்சி மருத்துவர், அவ்வளவுதான். எனக்கு மேலே இருந்த டாக்டர், படியில் மயங்கி விழுந்த ஓர் அம்மாவைப் பார்க்கப் போய்விட்டார். "கால் கொப்புளத்துக்கு மருந்து போட்டுக்கினு இரும்மா, வந்துடறேன்" என்றார். கொப்புளம்தானே என்று நானும் தெம்பாக இருந்தேன்.

அப்போதுதான் அந்தக் காவடிக்காரர் முகாமுக்கு முன்னால் வந்து நின்றார். நாக்கில் அலகு குத்தியிருந்தார். விரல் நீளத்துக்கு ஒரு வெள்ளி வேல். உடம்பெல்லாம் வியர்வை கொட்டியது. தோள் நடுங்கியது. "அருள் வந்துட்டுது! அரோகரா!" என்று கூட்டம் கத்தியது. மேளக்காரர் வேகத்தைக் கூட்டினார். எனக்கும் அருள் என்றுதான் பட்டது. ஆனால் இடது கை நெஞ்சைப் பிடித்திருந்தது, உதடு வெளுத்திருந்தது. 

மாரடைப்பு என்றால் ஆஸ்பிரின் மாத்திரையை உடனே மென்று விழுங்க வேண்டும். நாக்கில் அலகோடு எப்படி மெல்வது? எடுக்கச் சொல்லி, அது வெறும் அருளாக இருந்துவிட்டால் இந்தக் கூட்டம் என் தோலை உரித்துவிடும். சும்மா இருந்து, அது மாரடைப்பாக இருந்தால்? மேலே போன டாக்டருக்கு போன் அடித்தேன். அந்த நெரிசலில் யாருக்குத்தான் சிக்னல் கிடைத்தது! பாழாய்ப்போன போன்.

"காவடியை இறக்குங்க. அலகை எடுக்கணும்" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

முறுக்கு மீசையோடு ஒருவர் குறுக்கே வந்தார். காவடிக்காரரின் மைத்துனராம், அக்கா புருஷனைப் பாவா என்றார். "இன்னாம்மா, வெளையாடறியா? சன்னதிக்குப் போவாம எடுத்தா சாமி குத்தம். பாவாவுக்கு வருசா வருசம் அருள் வரும்."

"அப்போ உங்க பாவாவையே கேக்கறேன், நகருங்க!" என்று கத்திவிட்டேன். பயந்தால் எனக்குக் கோபம்தான் முந்திக்கொண்டு வரும். காவடிக்காரர் நெஞ்சில் வைத்திருந்த கையை எடுத்துப் பிடித்தேன். சில்லிட்டிருந்தது. "ஐயா, நெஞ்சு வலின்னா என் கையை அழுத்துங்க. சாமின்னா விட்டுடுங்க."

அழுத்தினார். எலும்பு நொறுங்கும்போல இருந்தது. விடவே இல்லை.

மைத்துனர் அதைப் பார்த்தார். மீசை துடித்தது. "காலைல நான்தாம்மா குத்துனேன்" என்றார், அழுகிற குரலில். "நானே எடுக்கறேன்." விபூதியை அழுத்திவைத்து அலகை உருவினார். காவடியைத் தன் தோளுக்கு மாற்றிக்கொண்டார். நான் மாத்திரையை அவர் பாவாவின் வாயில் போட்டு, "மெல்லுங்கய்யா, மெல்லுங்க" என்று கெஞ்சினேன்.

முகாமை நர்ஸ் அக்காவிடம் விட்டுவிட்டு ஆம்புலன்சில் நானும் ஏறினேன். அவர் பிழைத்துவிட்டார் என்பது மறுநாள்தான் தெரியும். வண்டிக்குள் எதுவும் நிச்சயமில்லை. வழியில் உயிர் போய்விட்டால் தனியாக என்ன செய்வேன் என்று உள்ளுக்குள் செத்துக்கொண்டிருந்தேன். மேளச் சத்தம் மெல்லப் பின்னால் போனது. அத்தனை பேரும் சாமி என்று கையெடுத்துக் கும்பிட்ட அந்த மனிதர், ரத்தம் கசியும் நாக்கோடு அன்று முதல்முறையாகப் பேசினார்.

"பயமா கீதும்மா."

"எனக்கும்தாங்க" என்றேன். இரண்டு பேருமே கையை விடவில்லை.