ஏழாம் வகுப்பில் வட்டம் கடைசிப் பாடம்

1. எத்தனை மரைக்கால்?

மருதமுனையில் நான் ஆசிரியையாகப் பொறுப்பேற்ற முதல் நாள், ஏழாம் வகுப்புக்குப் பரப்பளவு படிப்பித்தேன். கரும்பலகையில் ஒரு செவ்வகம் கீறினேன். நீளம் நாற்பது யார், அகலம் இருபது யார்; மூன்று அடி ஒரு யார். இந்தக் காணியின் பரப்பு என்ன என்று கேட்டேன். முன்வரிசை வாங்கில் இருந்த முபாறக் எழும்பினான். அவனுடைய வாப்பா வயல் செய்கிறவர்.

"டீச்சர், பள்ளக் காணியா, மேட்டுக் காணியா?"

"அது என்னத்துக்கு?"

"பள்ளமெண்டா ஒரு கணக்கு, மேடெண்டா ஒரு கணக்கு. அது தெரியாம எத்தின மரைக்கால் எண்டு எப்பிடிச் சொல்லுற?"

வகுப்பில் யாரும் சிரிக்கவில்லை. அதுதான் எனக்குப் பயத்தைத் தந்தது. எங்கள் பக்கத்தில் வயலின் அளவை நெல்லால்தான் சொல்வார்கள். எத்தனை மரைக்கால் விதைநெல் கொள்ளுமோ அதுவே அந்த வயலின் அளவு. ஆகவே அந்தக் கேள்வி எல்லோருக்கும் நியாயமாகவே பட்டது.

சரி, தறிக்கார வீட்டுப் பிள்ளைகளாவது சொல்வார்கள் என்று பின்வரிசை வாங்கைப் பார்த்தேன். "நாற்பது யார், டீச்சர்" என்றார்கள் ஒரே குரலில். அகலம் எங்கே போயிற்று என்று கேட்டேன். எந்த அகலம் என்று திருப்பிக் கேட்டார்கள். அவர்கள் வீட்டில் துணிக்கு நீளம் மட்டுமே அளவு. தறி மாறாதவரை அகலம் மாறாது. மாறாத ஒன்றை யார் கேட்கப்போகிறார்கள்?

நீளத்தை அகலத்தால் பெருக்கு என்று புத்தகத்தில் ஒரு வரி இருந்தது. அதை எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருக்கலாம். ஆனால் எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். சாய்ந்தமருதில் கடலுக்குப் போகிறவரின் மகள். விளங்காமல் பாடமாக்கிய கணக்கு எத்தனை நாள் நிற்கும் என்பது எனக்குத் தெரியும்.

2. ஒளித்திருந்த அகலம்

அடுத்த கிழமை பழைய பத்திரிகைத் தாள்களை ஒட்டி, ஒரு யார் நீளமும் ஒரு யார் அகலமுமாகச் சதுரங்கள் செய்வித்தேன். மண்டபத்தின் தரையில் அவற்றை இடைவெளி இல்லாமல் பரப்பச் சொன்னேன். பிள்ளைகள் முட்டுக்காலில் தவழ்ந்து பரப்பினார்கள். காற்று அள்ளிப்போன தாளைத் துரத்தியே பாதி நேரம் போயிற்று.

அதுவரை வாய் திறக்காத ரைஹானா எழும்பி நின்றாள். நெசவு வீட்டுப் பிள்ளை.

"டீச்சர், எங்குட தறி அகலத்த ஒளிச்சு வெச்சிரிக்கி."

பிறகு முபாறக்கிடம் திரும்பினாள். "ஒங்குட வயலுக்க நெல்லு போடாட்டியும் வயல் அங்கதானே இரிக்கும்?"

"நெல்லுப் போடாத வயல் எங்களுக்கு என்னத்துக்குடி?" என்றான் அவன். அன்று வகுப்பு சிரித்தது.

பரப்பு என்பது இன்னதென்று நான் அந்த வருடம் சொன்ன எதுவும் ரைஹானா சொன்ன அந்த ஒரு வரிக்கு ஈடாகவில்லை. அன்றிலிருந்து அவள் கணக்குப் பாடத்துக்கு முன்வாங்குக்கு வந்துவிட்டாள். ஒரு நாள் பாடம் முடிந்தும் போகாமல் நின்றாள்.

"டீச்சர், கணக்கு டீச்சராகோணுமெண்டா எட்டாம் வகுப்பும் முடிக்கோணுமா?"

"அதுக்கு மேலயும் படிக்கோணும்."

"நீங்க எப்பிடிப் படிச்ச? வீட்டுல மறிக்கல்லயா?"

"மறிச்சாங்க. சண்டை பிடிச்சுத்தான் படிச்சன்."

"எனக்குச் சண்டை பிடிக்கத் தெரியாதே."

"அதையும் நான்தான் படிப்பிக்கோணும் போல" என்றேன். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

3. கதவுக்குப் பின்னால்

வருடத்தின் கடைசித் தவணை, மூன்றாம் தவணை தொடங்கி இரண்டாம் கிழமை ரைஹானா வரவில்லை. அவள் பெரியபிள்ளை ஆகிவிட்டாள் என்று பக்கத்தில் இருந்த பிள்ளை என் காதுக்குள் சொன்னாள். எங்கள் ஊர்களில் அதன் பிறகு பெண்பிள்ளை வேலிப் படலை தாண்டுவதில்லை. ஆண்டிறுதிச் சோதனை எழுதினால்தான் எட்டாம் வகுப்பு. எழுதாவிட்டால் வரவு இடாப்பிலிருந்து பெயர் போய்விடும்.

அவளுடைய வீடு பள்ளிக்கூடத்திலிருந்து மூன்று வளவு தள்ளி இருந்தது. போனேன். உம்மா நூல் சுற்றிக்கொண்டிருந்தார். உள்ளே தறி ஓடிக்கொண்டிருந்தது. நான் வாய் திறந்ததும் அது நின்றது.

"சோதனைக்கு மட்டும் விடுங்க ராத்தா. ஒரு நாளுக்குத்தானே."

"ஒரு நாள் எண்டுதான் எல்லாம் துவங்குற."

"மறைப்புக் கட்டின வண்டிலில நானே கூட்டிப்போய்க் கூட்டி வாறன்."

"மூணு வளவுக்கு வண்டில் வெச்சா ஊரே வெளிய வந்து பார்க்கும்!" அவர் நூலைக் கீழே வைத்தார். "மகள், கோவிக்காதீங்க. நீங்க படிச்சீங்க, டீச்சரானீங்க, அல்ஹம்துலில்லாஹ். ஆனா ஒங்கட வாப்பா மாப்பிள்ளை தேடி அலைஞ்சு திரியிறாராம். இஞ்ச வரைக்கும் கதை வந்திரிக்கி."

அது உண்மைதான். எனக்குச் சுட்டது. காட்டிக்கொள்ளவில்லை.

"அலையட்டும் ராத்தா. நடந்தா வாப்பாட உடம்புக்கு நல்லம்."

அவரால் சிரிப்பை அடக்க முடியவில்லை. "அவட வாப்பாட்டக் கேட்டுச் சொல்றன்" என்றார். பாதி வென்றுவிட்டதாக நினைத்துக்கொண்டு எழும்பினேன். அப்போது கதவுக்குப் பின்னால் இருந்து குரல் வந்தது.

"டீச்சர், இப்ப என்ன பாடம் நடக்குது?"

"வட்டம்."

"வட்டத்தையும் சதுரத்தாலதானா அளக்குற?"

"ஓம்."

"அப்ப விளிம்புல சதுரம் முழுசா விழாதே. அந்தத் துண்டெல்லாத்தையும் என்ன செய்யுற?"

கதவுப் பக்கம் திரும்பினேன். "வட்டத்த நடுவில இருந்து..." என்று தொடங்கினேன்.

"போதும் மகள், மறுகா கதைக்கலாம். அவர் வாற நேரம்" என்றார் உம்மா.

இரண்டு நாள் கழித்து நான் பள்ளிக்கூடம் போகும் வழியில் உம்மாவே படலையில் நின்றார். வாப்பா சம்மதிக்கவில்லை. ரைஹானாவை மாமியின் மகனுக்குப் பேசி முடித்தாயிற்று.

"கலியாணம் முடியும் வரைக்கும் இந்தப் பக்கம் வராதீங்க மகள்" என்றார், மெதுவாக. "நீங்க வந்துட்டுப் போனா அவ சோறு தின்னுறா இல்ல."

4. சின்னத் துண்டு

அந்தக் கிழமை வகுப்பில் வட்டத்தின் பரப்பைத் தொடங்கினேன். ரைஹானா கேட்டதை யாராவது கேட்பார்கள் என்று காத்திருந்தேன். யாரும் கேட்கவில்லை. நானே கேட்டேன். விளிம்பில் மிஞ்சுகிற துண்டுகளை என்ன செய்வது?

"சின்னத் துண்டுதானே டீச்சர்" என்றான் முபாறக். "விட்டிருங்க."

விடவில்லை. கடதாசி வட்டத்தை நடுவிலிருந்து ஒடுங்கிய கூர்முனைக் கீலங்களாக வெட்டி, ஒன்று மேலும் ஒன்று கீழுமாகச் சேர்த்து வைத்தேன். கீலம் ஒடுங்க ஒடுங்க வட்டம் செவ்வகமாகிக்கொண்டு வந்தது. பிள்ளைகள் மேசையைச் சுற்றி நெருக்கினார்கள். ஒரு துண்டும் வீண்போகவில்லை. நான் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சோதனை நாளிலும் அப்படித்தான் பார்த்தேன். மணி அடித்தது. தாள் கொடுத்தோம். ஒரு தாள் என் கையில் மிஞ்சியது.

எங்கள் ஊர்களில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பார். அதனால் கலியாணமானாலும் ரைஹானா எங்கும் போகப்போவதில்லை. அதே வளவுக்குள், அதே தறியில் இருந்தாள். கூப்பிட்டால் கேட்கும் தூரம். வேலிக்கு இப்பால் நடக்கும்போது தறிச்சத்தம் கேட்கும். சத்தம் நின்றால் நானும் நிற்பேன். என் செருப்புச் சத்தம் அவளுக்குத் தெரியுமோ என்று நினைப்பேன். கலியாணம் முடியும் முன்பே எனக்கு வேறு பள்ளிக்கூடத்துக்கு மாற்றம் வந்துவிட்டது.

இப்போது நிந்தவூரில் படிப்பிக்கிறேன். புதிதாக வரும் டீச்சர்மாருக்கு நான் சொல்வது இதுதான். பாடங்களின் ஒழுங்கைப் புத்தகத்தில் பார்க்காதீர்கள். உங்கள் வகுப்பில் யார், எப்போது எழும்பிப் போவார்கள் என்று பார்த்து ஒழுங்கை அமையுங்கள்.

இந்த வருடம் முதலாம் தவணையில், வகுப்புத் தொடங்கி இரண்டாம் மாதம், எங்கள் தலைமையாசிரியரான பெரிய சேர் என் வகுப்பு வாசலில் நின்றார்.

"என்ன டீச்சர், வட்டம் கடைசிப் பாடமெல்லோ? மாசி மாசத்திலயே துவங்கிட்டீங்க?"

"ஓம் சேர்" என்றேன். "இப்பதான் பொம்புளப் பிள்ளைகள் எல்லாரும் இரிக்காங்க."

அவர் வகுப்பை ஒருமுறை பார்த்தார். பிறகு அடுத்த வகுப்புக்கு நடந்தார். நான் கத்தரிக்கோலை எடுத்தேன்.