என் வலிக்கு நான் போட்ட நம்பர்

பள்ளிக்கூடத்தில் நான் உருப்படியாகக் கற்றது ஒன்றுதான்: புரியாவிட்டாலும் தலையாட்டுவது. மூன்றாம் வகுப்போடு வெளியே வந்துவிட்டேன்; தலையாட்டல் மட்டும் கூடவே வந்தது. ஐம்பது வயதில் அது என் முதுகெலும்புக்கே உலை வைக்கப் பார்த்தது.

ஆம்பூரில் ஒரு தோல் கம்பெனியில் எனக்குத் தரம் பிரிக்கிற வேலை. பதனிட்ட தோலை மேசைமேல் விரித்து, உள்ளங்கையால் ஒரு தடவு, வெளிச்சத்தில் ஒரு பார்வை. வெட்டு, கீறல், உண்ணி கடித்த தடம் எதுவும் இல்லையென்றால் அது ஒன்றாம் நம்பர். குறை கூடக் கூட இரண்டு, மூன்று என்று தரம் இறங்கும். ஏழு என்றால் கழிசல். என் பெயரை எழுதச் சொன்னால் எனக்கு வியர்க்கும். தோலுக்கு நம்பர் போடச் சொன்னால் நான் கலெக்டர்.

வருடக்கணக்கில் அந்த மேசைமேல் குனிந்ததற்கு இடுப்பு பழிவாங்கியது. உட்கார்ந்தால் வலி, எழுந்தால் வலி. வேலைக்குப் போவது நின்றது. சூப்பர்வைசர் நல்ல மனுஷன்.

"உன் மேசைய யாருக்கும் குடுக்கலப்பா. ஆனா ரொம்ப நாள் வெச்சிருக்க முடியாது, சீக்கிரம் வா" என்றார்.

அந்த மேசையை விட்டால் எனக்கு வேறு எதுவும் தெரியாது. நாள்பட்ட வலிக்கென்றே வேலூரில் ஒரு சிகிச்சைப் பிரிவு இருக்கிறது என்று கேள்விப்பட்டு என் மனைவி என்னை இழுத்துக்கொண்டு போனாள்.

அங்கே உடற்பயிற்சி சொல்லித் தருகிற மேடம், போகும்போதெல்லாம் ஒரு தாள் நிரப்புவார். எவ்வளவு தூரம் நடந்தேன், எப்படித் தூங்கினேன், கடைசியில் வலிக்கு ஒரு நம்பர். பூஜ்யம் என்றால் வலியே இல்லை, பத்து என்றால் தாங்கவே முடியாது என்று முதல் நாளே விளக்கினாராம். நான் மும்முரமாகத் தலையாட்டிக்கொண்டிருந்தேன்.

"இப்ப உங்க வலிக்கு எந்த நம்பர் குடுப்பீங்கண்ணா?"

நம்பரா! அது நம்ம தொழில் அல்லவா! கண்ணை மூடி இடுப்பைத் தடவிப் பார்த்தேன். பொட்டுக் குறை இல்லாத, முதல் தரமான வலி.

"ஒண்ணு மேடம்."

"ஒண்ணுதானா? உங்களால நிக்கவே முடியலயே."

"ஒண்ணேதான். நம்பி எழுதுங்க."

சில ஆம்பளைகள் வலியை மறைப்பார்கள் என்று நினைத்தாரோ என்னவோ, எழுதிக்கொண்டார்.

வீட்டில் மல்லாந்து படுத்து, காலை மடக்கி நீட்டினேன். "கவுந்த கரப்பாம்பூச்சி மாதிரியே கீறய்யா" என்றாள் மனைவி. ஆனாலும் அந்தக் கரப்பான்பூச்சிக்குக் குணமானது. நானும் நேர்மையாகத் தரத்தை இறக்கினேன். அடுத்த தடவை மூன்று, அதற்கடுத்த தடவை நான்கு. அப்புறம் ஒரு நாள் நெஞ்சை நிமிர்த்தி "ஆறு" என்றேன். மேடத்தின் முகம் வாடிவிட்டது.

"ஏறிட்டே போகுதேண்ணா. பயிற்சி உங்களுக்கு ஒத்து வரல போல. நிறுத்திட்டு, முதுகுல ஊசி போடலாமான்னு டாக்டர்கிட்ட கேக்கறேன். வேலைக்குப் போறத இப்போதைக்கு மறந்துடுங்க."

ஊசியும் வருகிறது, மேசையும் போகிறது. நல்லபடியாகத் தேறியதற்கு இதுவா பரிசு?

நல்லவேளை, அவர் உடனே எழுந்து போகவில்லை. பழைய தாள்களைப் புரட்டினார்.

"பஸ் ஸ்டாண்டுலேர்ந்து நடந்தே வந்தேன்னு சொல்றீங்க. நல்லா தூங்கறேன்னு சொல்றீங்க. வலி மட்டும் எப்படி ஏறுது?"

"அது ஏறல மேடம், எறங்கிடுச்சி."

"அப்பறம் ஏன் ஆறுன்னு சொல்றீங்க?"

"எறங்கனா ஆறு தானே மேடம்?"

மனைவி தலையில் அடித்துக்கொண்டாள்.

"அய்யோ, தோலுக்குப் போடற நம்பர வலிக்குப் போட்டுக்கினு கீறாரு மேடம்! ஒண்ணுன்னா அசல் சரக்கு, ஆறுன்னா மட்டம். இன்னாய்யா, உன் வலிய ஷூவா தச்சி வெளிநாட்டுக்கு அனுப்பப் போறியா?"

மேடம் கண்ணில் நீர் வரச் சிரித்தார். ஆனால் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. தோலுக்கு எப்படித் தரம் போடுகிறோம் என்று கேட்டு, நான் சொல்லி முடிக்கும்வரை காது கொடுத்தார். பிறகு அவருடைய கணக்கைப் புதிதாக, பொறுமையாகச் சொன்னார். நான் தலையாட்ட ஆரம்பித்ததும், "ஆட்டாதீங்க, திருப்பிச் சொல்லுங்க" என்றார். சொன்னேன். வந்த அன்றைக்குப் பத்து, இன்றைக்கு மூன்று. ஊசிப் பேச்சு அதோடு போனது.

மேசையை உயர்த்த வேண்டும், நடுநடுவே என்னை உட்கார விட வேண்டும் என்று கம்பெனிக்கு ஒரு கடிதமும் தந்தார். சூப்பர்வைசர் மேசைக் கால்களுக்கு அடியில் செங்கல் வைத்தார். இப்போது நான் மறுபடி அங்கேதான் நிற்கிறேன். என் வாயை மட்டும் நம்பியிருந்தால் இந்த மேசை இல்லை. என் நடையையும் தூக்கத்தையும் சேர்த்து விசாரித்த அந்த மகராசி நல்லா இருக்கணும்.

போன தடவை போனபோது, அவர் கேட்கும் முன்பே, "ரெண்டு மேடம். உங்க கணக்குல" என்றேன்.

பேனாவைத் தூக்கியவர் எழுதவில்லை. என் மனைவியைப் பார்த்தார். அவள் தலையாட்டினாள். புரிந்துதான் ஆட்டினாள். அதன் பிறகே எழுதினார்.